கோடைக்கும் குளிருக்கும் ஒரே பெட்டி: தில்லி அடுக்ககத்தில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி

தில்லி, நொய்டா, குருகிராம் பக்கம் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் மே மாத வெயிலைப் பார்த்துத்தான் ஏசி வாங்குகின்றன. சென்னையில் அது போதும். இங்கே மே, ஜூனில் 44, 45 டிகிரி அடிக்கும் அதே ஊரில் ஜனவரி விடியற்காலை 4, 5 டிகிரிக்கு இறங்கும். ஏசி சுவரில் சும்மா தொங்க, அதன் கீழே 2,000 வாட் ஆயில் ஹீட்டர் ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்யும் என்று கடைகளில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். டாய்க்கின், ஹிட்டாச்சி, லாயிட், வோல்டாஸ், புளூ ஸ்டார் என்று பல நிறுவனங்களிடம் 1.5 டன் இன்வெர்ட்டர் வகையில் இது கிடைக்கிறது. இங்கே எடைபோடுவது தனியொரு மாடலை அல்ல, இந்த வகையை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தலைநகர் வட்டாரத்தில் படுக்கையறை ஒன்றுக்கு இது நல்ல வாங்கல். எல்லா அறைக்கும் வேண்டாம், ஹாலுக்கு நிச்சயம் வேண்டாம். பொருத்துகிறவர் அரைகுறை ஆள் என்றால் எந்த அறைக்கும் வேண்டாம்.

சாதாரண ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. இதில் கூடுதலாக இருப்பது நாலு வழி வால்வு ஒன்று. அது கேஸ் ஓடும் திசையைத் திருப்பிவிடும். அப்போது வெளியே இருக்கும் காயில் (குழாய்ச் சுருள்) குளிர்ந்து வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கும், உள்ளே இருக்கும் காயில் சூடாகும். 7 டிகிரிக் காற்றில் என்ன சூடு இருக்கப்போகிறது என்று தோன்றும். காயில் அதைவிடக் குளிராக இருக்கிற வரை சூடு வந்துகொண்டுதான் இருக்கும். சூட்டை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். ஆயில் ஹீட்டர், ராடு ஹீட்டர், புளோயர் எதுவானாலும் ஒன்றுக்கு ஒன்றுதான். ‘குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு’ என்று எந்த ஹீட்டர் பெட்டியில் அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12-க்கு 14 அடி மூலை அறை, இரண்டு பக்கம் வெளிச்சுவர், மூன்றரை சதுர மீட்டருக்கு ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். புதிய கோபுரக் குடியிருப்புகள் பலவற்றில் வெளிச்சுவர் செங்கல் அல்ல. அலுமினிய அச்சில் வார்த்த 15, 16 சென்டிமீட்டர் கான்கிரீட். ‘மைவான்’ கட்டுமானம் என்பார்கள். அந்தச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 3.8 வாட் அளவுக்குச் சூடு கசியும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் இது 2 சொச்சம். எட்டு அங்குல ஏஏசி பிளாக்கில் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) 0.8. தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய பழைய செங்கல் வீட்டில் ஒரு ராஜாயோடு (பஞ்சுப் போர்வை) சமாளித்தவர்கள் புதுக் கோபுரத்துக்கு மாறியதும் நடுங்குவதற்கு இதுதான் காரணம். வெளியே 7, உள்ளே 22 என்று வைத்தால் கான்கிரீட் சுவர் வழியே சுமார் 1,100 வாட், கண்ணாடி வழியே 300, கதவு ஜன்னல் இடுக்குக் காற்றால் 200 சொச்சம். மொத்தம் 1.6 கிலோவாட். எட்டு மணி நேர இரவுக்கு ஆயில் ஹீட்டர் 13 யூனிட் சாப்பிடும். ஹீட் மோடில் ஓடும் ஏசி, பனி உருக்கும் நேரத்தையும் சேர்த்து, 5 யூனிட்டுக்குள் முடித்துவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய 45 இரவு என்றால் 360 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 2,500 ரூபாய். குளிர்விக்க மட்டும் தெரிந்த ஏசியைவிட இது சில ஆயிரம்தான் கூடுதல் என்பதால் இரண்டு, மூன்று குளிர்காலத்தில் அந்தக் காசு திரும்பிவிடும்.

மின்சிக்கன லேபிளின் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் ஐசீர் எண், வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் குளிர்வித்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்ற கணக்கு. குளிர்காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏசி ஹீட் மோடிலும் ஐந்து நட்சத்திரமாக உழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சூடாக்கும் திறன் எத்தனை கிலோவாட், அதற்கு எத்தனை வாட் இழுக்கும், வெளியே எத்தனை டிகிரி வரை ஓடும் என்ற மூன்று எண்ணும் தயாரிப்பாளரின் விவரத் தாளில் இருக்கும். விற்பனையாளரிடம் கேட்டால் நட்சத்திரத்தைத்தான் காட்டுவார். சூடாக்கும் திறன் 7 டிகிரி வெளிவெப்பத்தில் அளந்தது. தில்லிக்கு அது பொருத்தமான அளவுதான், ஆனால் கடுங்குளிர் இரவில் திறன் இன்னும் இறங்கும். லேபிளில் செல்லுபடியாகும் காலமும் அச்சாகியிருக்கும். நட்சத்திர அட்டவணையை அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நான்காகவோ மூன்றாகவோ இருக்கலாம். ஐசீர் எண்ணையே நேரடியாக ஒப்பிடுவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. அதற்கு முந்தைய விலையைக் காட்டித் தள்ளுபடிக் கணக்கு சொல்கிறார்களா என்று பாருங்கள்.

ஜனவரி மூடுபனிதான் இந்த இயந்திரத்துக்கு உண்மையான பரீட்சை. வறண்ட குளிர் இதற்குப் பெரிய பொருட்டில்லை. 5 டிகிரியும் ஈரம் சொட்டும் காற்றும் சேர்ந்தால்தான் சிக்கல். வெளிக்காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய், ஈரம் அதன்மேல் உறைபனியாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். உடனே இயந்திரம் தானாகவே திசையைத் திருப்பி, உள்ளறைச் சூட்டைக் கொஞ்சம் எடுத்து வெளிக்காயிலை உருக்கும். இதுதான் டிஃப்ராஸ்ட். ஐந்து முதல் பத்து நிமிடம் உள்விசிறி நின்றுவிடும், வால்விலிருந்து ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும், வெளியே இருக்கும் பெட்டியிலிருந்து ஆவி புகைபோலக் கிளம்பும், தண்ணீர் ஊற்றும். புகை வருகிறது என்று பதறி மெயினை அணைக்க வேண்டியதில்லை. சர்வீஸுக்குப் போன் செய்யவும் வேண்டியதில்லை.  ஹீட் மோடைப் போட்டதும் ஓரிரு நிமிடம் காற்றே வராமல் இருப்பதும் கோளாறு அல்ல. காயில் சூடான பிறகு விசிறி சுற்றட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் முக்கால் மணிக்கு ஒருமுறைக்கும் மேல் உருக்கிக்கொண்டே இருந்தால், வெளிக்காயிலில் தூசி அடைந்திருக்கும் அல்லது கேஸ் குறைந்திருக்கும்.

உருகும் தண்ணீர் எங்கே போகும்? கோடையில் தண்ணீர் உள் யூனிட்டிலிருந்து டிரெயின் பைப் வழியே போகும். குளிரில் வெளிப் பெட்டியின் அடித்தட்டு ஓட்டையிலிருந்து கொட்டும். அந்த ஓட்டையில் மாட்டப் பிளாஸ்டிக் எல்போ ஒன்று பெட்டியோடு வந்திருக்கும். பொருத்துகிறவர் அதை அட்டைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். பிறகு கீழ் வீட்டு பால்கனியில் துணி நனைந்து சண்டை வரும்போதுதான் ஞாபகம் வரும். எல்போவைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு ஹோஸ் மாட்டி, பால்கனித் தரைச் சாக்கடைக்கு விடச் சொல்லுங்கள்.

அடுத்த குறை இயற்பியல் சார்ந்தது. சூடான காற்று மேலே போகும், உள் யூனிட்டோ கூரைக்கு ஒரு அடி கீழே. அறை வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அங்கேதான். கட்டில் உயரத்தில் 19 டிகிரி இருக்கும்போதே மேலே 23 ஆகிவிட, வேலை முடிந்தது என்று கம்ப்ரஸர் தன் வேகத்தைக் குறைத்துவிடும். ஹீட் மோடில் காற்றிதழைக் கூடியவரை செங்குத்தாகக் கீழே திருப்பி வைக்க வேண்டும். கோடையில் நேர் எதிராக, கூரையை ஒட்டிக் கிடைமட்டமாக. ஸ்விங் இரண்டுக்கும் உதவாது. ரிமோட்டிலேயே சென்சார் இருக்கும் மாடல்கள் உண்டு. ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். ஹாட் அண்ட் கோல்ட் வாங்குகிறவர்கள் வைஃபையை விட்டுவிட்டு இதைத் தேடுவது புத்திசாலித்தனம். அந்த வசதி இல்லையென்றால் 24 வைத்தால் கீழே 21 கிடைக்கும் என்ற கணக்கில் பழகிக்கொள்ளலாம். சீலிங் ஃபேனை எதிர்த் திசையில் மெதுவாகச் சுற்றவிட்டால் மேலே தங்கிய சூடு சுவரோரமாக இறங்கும். ஆட்டோ மோடை மட்டும் தொடாதீர்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் பகலில் குளிர்வித்து இரவில் சூடாக்கி, தேவையே இல்லாத மாதத்தில் பில்லை ஏற்றிவிடும்.

இனிப் பொருத்தும் வேலை. விலைச்சீட்டில் இருப்பது பாதி ஏசிதான், மீதிப் பாதி அந்த இரண்டு மணி நேரத்தில் உருவாகிறது. 1.5 டன்னுக்குப் பொதுவாகக் கால் அங்குலம், அரை அங்குலம் என இரண்டு செப்புக் குழாய். குளிர்விக்கும்போது பெரிய குழாய் சில்லென்றிருக்கும். ஹீட் மோடில் அதே குழாய் வழியே 60, 70 டிகிரியில் கொதிக்கும் கேஸ் போகும். கோடையை மட்டும் மனதில் வைத்துச் சுற்றும் வெள்ளை ஃபோம் குழாய் இந்தச் சூட்டுக்குத் தாங்காமல் சில வருடத்தில் பொடியத் தொடங்கும். கறுப்பு நைட்ரைல் ரப்பர், குறைந்தது 9 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு குழாய்க்கும் தனித்தனியே, அதற்கு மேல் வெயில் தாங்கும் டேப். இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறித் திறன் வீணாகும்.

குழாய் மாட்டியதும் நைட்ரஜன் அழுத்திக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்து அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இருபது நிமிடமாவது ஆகும். அவசரக்காரர்கள் வேக்குவத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றை ஊதித் தள்ளிவிட்டுப் போவார்கள். மிஞ்சிய காற்று கேஸைப் போலத் திரவமாகாமல் கம்ப்ரஸரில் அழுத்தத்தை ஏற்றும், ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஜனவரியில் எல்லாம் நன்றாக ஓடும். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு டிரிப் ஆகும்போது காரணம் யாருக்கும் புரியாது. இப்போது பெரும்பாலும் வருவது ஆர்-32 கேஸ். லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அறைக்குள் ஊதித் தள்ளுவது இன்னும் தப்பு. குழாய் நீளம் கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டினால் மீட்டருக்கு 20 கிராம் சுமாரில் கேஸ் சேர்க்க வேண்டும். அதைத் தராசில் நிறுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அந்தத் தராசு குளிர்காலத்தில் இன்னும் முக்கியம். ஹீட் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டால் டெக்னீஷியன் கேஜை மாட்டி, ‘கேஸ் கம் ஹை’ (கேஸ் குறைவு) என்பார். வெளியே 8 டிகிரி இருக்கும்போது கோடைக்கால அழுத்த எண்ணை வைத்துக் கேஸ் அளப்பது அர்த்தமற்றது. அவர் காசு வாங்கிக்கொண்டு 200 கிராம் ஏற்றிவிட்டுப் போவார். மே மாதம் அழுத்தம் எகிறி இயந்திரம் நின்றுவிடும். உண்மையிலேயே குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைத்து, மிச்சக் கேஸை மீட்டெடுத்து, வேக்குவம் இழுத்து, பெயர்த் தகட்டில் உள்ள எடையை முழுசாக ஏற்றுவதுதான் முறை.

கசிவு பற்றி இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம். திறந்த நாலாக்களை (சாக்கடைக் கால்வாய்) ஒட்டிய நொய்டா, காசியாபாத் குடியிருப்புகளில் காற்றில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, உள் யூனிட்டின் செப்புக் காயிலை அரித்து ஊசிமுனை ஓட்டைகளாக்கிவிடும். வருடத்துக்கொரு முறை கேஸ் போடும் வீடுகள் அங்கே சாதாரணம். பூஜையறை வெள்ளி விளக்கு வாரம் ஒருமுறை கறுத்துப்போகிறதென்றால் உங்கள் வீடும் அந்தக் கணக்குதான். ‘நூறு சதவீதம் காப்பர்’ என்ற விளம்பரம் அங்கே பலமல்ல. உள்காயிலுக்கும் பூச்சு இருக்கிறதா, அரிப்பு உத்தரவாதத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். போவதோ காயிலும் பிசிபி என்ற மின்சுற்றுப் பலகையும்.

கோடையில் இது மற்ற இன்வெர்ட்டர் ஏசி போலவேதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேற்கு ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு டன்னை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. மூன்றரை சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடியில் மாலை வெயில் நேராக விழுந்தால் 1,400 வாட் வரை உள்ளே வரும். 1.5 டன் ஏசியின் மொத்தத் திறனில் கால்வாசிக்கும் மேல். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். வெளியே மூங்கில் சிக் (தட்டித் திரை) தொங்கவிட்டால்தான் தடுக்கும். குடியிருப்புச் சங்கம் முகப்பு மாறக் கூடாது என்று முறைத்தால் பால்கனியின் உள்விளிம்பிலாவது மாட்டலாம். தெற்கு ஜன்னலை மறைக்காதீர்கள். தில்லியில் ஜூன் நண்பகல் சூரியன் 85 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். நாலடி பால்கனித் தளமே அதற்கு நிழல். டிசம்பரில் 38 டிகிரிக்கு இறங்கி அறைக்குள் வந்து விழும் அந்த வெயில் இலவச ஹீட்டர். சறுக்கு ஜன்னலின் ஓரத்து மயிர்ப் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுவதும், கதவடியில் ரப்பர்ப் பட்டை ஒட்டுவதும் சில நூறு ரூபாய் வேலை. இரண்டு பருவத்துக்கும் பலன் தரும்.

கூலரை விற்றுவிட வேண்டாம். மே மாத வறண்ட லூ காற்றில், 42 டிகிரியிலும் ஈரக்குமிழ் வெப்பம் (தண்ணீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை) 22, 23 தான் என்பதால், கூலர் 27, 28 டிகிரிக் காற்றைத் தரும். மின்சாரம் 200 வாட் போதும். ஜூலையில் மழைக்காற்று வந்ததும் ஈரக்குமிழே 27-ஐத் தொட, கூலர் வெறும் பிசுபிசுப்பு. அப்போது ஏசியை 26-இல் வைத்துச் சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் ஈரமும் இறங்கும், பில்லும் தாங்கும்.

வெளிப் பெட்டிக்கு முன்னே இரண்டடிக்குக் குறையாத வெட்டவெளி வேண்டும். கட்டடக்காரர் ஒதுக்கிய குறுகிய சந்தில் மாடிக்கு மாடி பெட்டிகள் அடுக்கியிருந்தால், கீழ்வீட்டுச் சூடு மேலேறி, மேல்மாடிப் பெட்டி 55 டிகிரிக் காற்றைச் சுவாசிக்கும். அந்த நிலைமையில் பிராண்டு மாற்றிப் பயனில்லை, இடத்தை மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை போடும் பழக்கமும் இந்த வகைக்கு ஆகாது. ஹீட் மோடை முதன்முறை போடும் முன் உறையை எடுத்து, புறா கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூடாக்கினால் காற்று வறளும். 6 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றே 22 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு வந்துவிடும். தொண்டை கரகரக்கும். ஆனால் அங்கீட்டிக் கரி அடுப்பைப் போல நச்சுப்புகை இல்லை என்பது பெரிய நிம்மதி. அதே சமயம் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்று ஒரு துளியும் கொண்டுவராது, மாசையும் வடிக்காது. அதன் வலை பிடிப்பது தூசியை; பி.எம். 2.5 என்ற நுண்துகள் மாசுக்குத் தனியாக ஹெப்பா வடிகட்டி உள்ள சுத்திகரிப்பான் வேண்டும். மூடிய அறையில் மூன்று பேர் படுத்தால் காலையில் தலை கனக்கும். குளியலறை எக்ஸாஸ்டையோ ஹால் பக்கக் கதவையோ ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

ஹாலுக்கு ஏன் வேண்டாமென்றால், சமையலறை, பால்கனிக் கதவு, வாசல் மூன்றும் திறந்து மூடும் இடத்தில் மேலிருந்து வரும் சூடு கால்வரை இறங்குவதே இல்லை. அங்கே சோஃபா அருகே ஒரு மணி நேரம் சிறிய ஹீட்டர் வைத்துக்கொள்வது மலிவு. சென்னை, மதுரை, திருச்சியில் இந்த வகையைக் கடைக்காரர் தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள். அங்கே அந்த வால்வு கூடுதல் கோளாறுக்கு ஒரு வாய்ப்பு மட்டுமே. தமிழ்நாட்டில் இதற்கு உண்மையான வேலை இருக்கிற ஊர் ஊட்டி. உறைபனி விழும் இரவுகளில் வெளிவெப்பம் பூஜ்யத்தைத் தொடுவதால், வாங்குமுன் விவரத் தாளில் ஹீட்டிங் எத்தனை டிகிரி வரை என்ற அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.